‘ஒரிஜினல்’ என்று யார் சொன்னது, எப்போது சொன்னது?

பழைய கார் விற்பனை விளம்பரங்களைப் படிப்பது எனக்குக் கொஞ்ச காலமாகவே ஒரு பழக்கம். வாங்குவதற்காக இல்லை, அந்த அளவுக்குக் கையில் காசு கிடையாது. அந்த விளம்பரங்களின் மொழிக்காகப் படிக்கிறேன். பெரிய ஏல நிறுவனங்களின் வழவழப்பான பட்டியல் என்றாலும் சரி, தனியாள் ஒருவர் நாலு போட்டோவோடு போடும் விளம்பரம் என்றாலும் சரி, எல்லாவற்றிலும் ஒரு சொல் தவறாமல் வரும்: ஒரிஜினல். ஒரிஜினல் எஞ்சின், ஒரிஜினல் பெயிண்ட், ஒரிஜினல் சீட், கடைசியில் மொத்தமாக “எல்லாமே ஒரிஜினல்”.

இந்த ஒரு சொல்லுக்காக வாங்குபவர் கொடுக்கும் கூடுதல் விலை சில சமயம் வண்டியின் விலையைவிடவே அதிகம். அப்படிப்பட்ட சொல்லைக் கொஞ்சம் விமர்சனத்தோடு படிக்க வேண்டாமா? இந்தக் கட்டுரை அதற்கான முயற்சி. எந்த நட்டு எந்த வருஷத்தில் எந்த நிறத்தில் வந்தது என்ற பட்டியல் இதில் இருக்காது. அதற்கு ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனி நிபுணர்கள் இருக்கிறார்கள். நான் பார்க்க நினைப்பது, ஒரு கூற்றை நம்பலாமா வேண்டாமா என்று எதை வைத்து முடிவு செய்வது என்பதைத்தான்.

எதில் ஒரிஜினல்?

1929, 1930 இரண்டு ஆண்டும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்தது ஒரு பென்ட்லி ஸ்பீடு சிக்ஸ். ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்பது அதன் பெயர். இரண்டு முறையும் ஓட்டியவர்களில் ஒருவர் வூல்ஃப் பர்னாட்டோ. பந்தய வண்டி என்றால் உடையும், மாற்றுவார்கள், மறுபடி உடையும். 1932-ல் இன்னும் பெரிய எட்டு லிட்டர் எஞ்சின் பொருத்தி புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் ஓட்டியபோது, வண்டி தடத்தின் மேல்விளிம்பைத் தாண்டிப் போய் விழுந்து ஓட்டியவர் இறந்துபோனார். அதன்பிறகு அதே வண்டி, சாலையில் ஓட்டும் இரண்டு கதவு கூபேயாக மாறியது.

1990-ல் இந்த வண்டியை ஒரு கோடி பவுண்டுக்கு விற்க ஒப்பந்தமாகி, வாங்க வேண்டியவர்கள் பின்வாங்கினார்கள். இது உண்மையான ‘ஓல்ட் நம்பர் ஒன்’ இல்லை, 1929-ன் பாகங்கள் இதில் இல்லவே இல்லை என்பது அவர்கள் வாதம். வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி ஆட்டன் கொடுத்த தீர்ப்பை, பழைய கார் விஷயத்தில் ஆர்வமுள்ள யாரும் படித்தாக வேண்டும் என்பேன். பந்தயம் ஜெயித்த காலத்துப் பாகங்களில் மிகச் சொற்பமே மிஞ்சியிருக்கிறது என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். அதனால் ‘ஒரிஜினல்’ என்ற சொல்லை இந்த வண்டிக்குத் தர மறுத்தார். ஆனால் வண்டியின் வரலாறு எங்கேயும் அறுபடவில்லை, அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாட வேறு வண்டியும் கிடையாது, ஆகவே இதுதான் ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்றார். விற்றவர் ஜெயித்தார்.

இந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்தது, ஒரே சொல்லுக்குள் குழம்பிக் கிடந்த இரண்டு கேள்விகளை அது பிரித்து வைத்ததுதான். பொருள் அதேதானா என்பது ஒரு கேள்வி. அடையாளம் அதேதானா என்பது இன்னொன்று. முதலாவதற்கு இல்லை என்று பதில் வந்தாலும் இரண்டாவதற்கு ஆம் என்று வரலாம். சந்தேகத்துக்குரிய விளம்பரங்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் கலந்துவிடுகின்றன. சேஸிஸில் எண் இருக்கிறது என்பதை வைத்து, மேலே இருக்கும் பாடியும் உள்ளே இருக்கும் எஞ்சினும் அப்போதிருந்தே இருப்பதுபோல ஒரு தோற்றம் உருவாக்குவார்கள். பொய் என்று எந்த வரியையும் தனியாகக் காட்ட முடியாது. ‘ஒரிஜினல்’ என்ற சொல்லுக்கு முன்னால் எது, எந்த ஆண்டு நிலையில் என்ற இரண்டு விவரமும் இல்லாவிட்டால் அந்த வரியை நான் காலி இடமாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

எண்கள் பொருந்துகின்றன, சரி

அமெரிக்க வண்டிகளின் உலகத்தில் இந்தச் சொல்லுக்கு ஒரு அண்ணன் உண்டு: ‘மேட்சிங் நம்பர்ஸ்’. எஞ்சினில் உள்ள எண்ணும் வண்டியின் எண்ணும் பொருந்துகின்றன, எனவே தொழிற்சாலையில் பூட்டிய அதே எஞ்சின் என்பது இதன் பொருள். அப்படித்தான் நாம் புரிந்துகொள்ள வேண்டும் என்பது விற்பவரின் எதிர்பார்ப்பு.

அந்த எண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 1960-களின் கார்வெட்டில் இருந்த ஷெவர்லே வி8 எஞ்சினில், வலதுபக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் ஒரு சின்ன தட்டையான இடம் இருக்கும். அங்கே எஞ்சின் தயாரான ஆலை, மாதம், தேதி, எந்த வகை எஞ்சின் என்ற குறியீடு, கூடவே வண்டியின் வரிசை எண் எல்லாம் குத்தப்பட்டிருக்கும். குத்தியது சாதாரண எஃகு அச்சால். அதே மாதிரி அச்சை இன்றைக்கும் யாரும் வாங்கலாம். பழைய எண்ணை இழைத்து எடுத்துவிட்டு வேண்டிய எண்ணைக் குத்துவதற்கு ஒரு மதிய நேரம் போதும்.

அதனால் நிபுணர்கள் எண்ணைப் படிப்பதற்கு முன்னால் எண் நிற்கும் இரும்பைப் படிக்கிறார்கள். தொழிற்சாலையில் அந்தப் பரப்பை வெட்டிச் சமன் செய்த கருவி, முன்னிருந்து பின்னாக மெல்லிய இணைகோடுகளை விட்டுப் போயிருக்கும். எண்ணைச் சுற்றி அந்தக் கோடுகள் தெரிய வேண்டும். வழவழப்பாக இருந்தால், அல்லது கோடு சுழல்சுழலாகப் போனால், யாரோ பின்னால் கைவைத்திருக்கிறார்கள். அது ஏமாற்றுதான் என்று உடனே சொல்லிவிட முடியாது. எஞ்சினை ஓவர்ஹால் செய்யும்போது மேற்பரப்பை இழைப்பது நியாயமான ஒர்க்‌ஷாப் வேலைதான், அதில் எண் போய்விடும். ஆனால் இழைத்த பரப்பின் மேல் அழகாக எண் இருந்தால், அந்த எண் எப்போது அங்கே வந்தது?

இன்னொரு சோதனை தேதிகள். எஞ்சின் பிளாக்கை வார்க்கும்போதே அச்சில் தேதி விழும். ஏ என்றால் ஜனவரி, பி என்றால் பிப்ரவரி, பிறகு நாள், பிறகு ஆண்டின் கடைசி இலக்கம். முதலில் வார்ப்பு, பிறகு எஞ்சின் பூட்டுதல், பிறகு வண்டி. இந்த வரிசை மாறவே முடியாது. ஏப்ரலில் ஆலையை விட்டு வெளியே வந்த வண்டியில் ஜூனில் வார்த்த பிளாக் இருந்தால், மேலே குத்தியிருக்கும் எண் என்ன சொன்னாலும் பயனில்லை.

இதைத் தெரிந்தவர்கள் சரியான மாதத்தில் வார்த்த பிளாக்கைத் தேடிப் பிடிப்பார்கள். அப்போது விளம்பரத்தில் சொற்கள் மெதுவாக இடம் மாறும். ‘மேட்சிங் நம்பர்ஸ்’ என்பது ‘சரியான எண்கள்’ ஆகும். ‘ஒரிஜினல் எஞ்சின்’ என்பது ‘அந்தக் காலத்துக்குரிய எஞ்சின்’ ஆகும். மேலோட்டமாகப் படித்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் அந்த மாற்றத்துக்குள் பல ஆயிரம் டாலர் இருக்கிறது.

மைலேஜ் விஷயமும் இதே கதைதான். அந்தக் காலத்து ஓடோமீட்டர்கள் பலவற்றில் ஐந்தே இலக்கம். 99,999-க்குப் பிறகு மறுபடி பூஜ்ஜியம். மீட்டரில் 43,000 என்று காட்டும் வண்டி 1,43,000 ஓடியிருக்கலாம். “மீட்டரில் 43,000” என்று எழுதுபவர் உண்மை சொல்கிறார். “வெறும் 43,000 மைல் ஓடியது” என்று எழுதுபவர் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். பெடல் ரப்பரின் தேய்மானம், பழைய சர்வீஸ் பில்கள், ஆண்டுவாரியான சோதனைச் சான்றுகள், இப்படி ஏதாவது.

காகிதம் எப்போது எழுதப்பட்டது?

இங்கேதான் நான் வலியுறுத்த விரும்பும் விஷயம் வருகிறது. சான்று என்று வரும் எதையும் பார்த்துக் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இது உருவான நாளில், இதில் பொய் எழுத யாருக்காவது காரணம் இருந்ததா?

1970-ன் ஷெவர்லே ஷெவெல் எஸ்.எஸ். 454 வண்டியை எடுத்துக்கொள்வோம். அதில் 450 குதிரைசக்தி எல்.எஸ்.6 எஞ்சின் வந்ததற்கு இன்றைக்குச் சந்தையில் தனி மரியாதை. ஆனால் அந்த ஆண்டு ஷெவர்லேயின் வண்டி எண்ணில் வி8 எஞ்சின் என்பது மட்டும்தான் தெரியும், எந்த வி8 என்று தெரியாது. எஸ்.எஸ். என்பதும் ஒரு கூடுதல் பொதியாக விற்கப்பட்டதுதான், எண்ணில் அதற்கு இடமில்லை. அதாவது, சாதாரண மாலிபு வி8 வண்டிக்கும் விலையுயர்ந்த எஸ்.எஸ். வண்டிக்கும் எண் ஒரே மாதிரி தொடங்கும். பேட்ஜ், பானெட், சீட் எல்லாம் புதிதாகவே வாங்கலாம். மாலிபு எஸ்.எஸ். ஆவதற்கு வழி திறந்தே கிடக்கிறது.

இதற்கு மருந்து, ஆலையில் தொழிலாளிகள் பார்த்துப் பூட்டுவதற்காக அச்சிட்ட கட்டுமானத் தாள். வேலை முடிந்ததும் அது குப்பை. சீட்டு ஸ்பிரிங்கில் சொருகியோ பெட்ரோல் டேங்க் மேலே ஒட்டிக்கொண்டோ சில வண்டிகளில் தற்செயலாக மிஞ்சியிருக்கும். அதை எழுதியவருக்கு ஐம்பது வருஷம் கழித்து ஒருவன் இதைத் தேடுவான் என்று கனவிலும் தோன்றியிருக்காது. அதுதான் அதன் பலம். ஆனால் இப்போது அதற்கும் விலை வந்துவிட்டதால் அதற்கும் போலி வந்துவிட்டது. எனவே தாள் இருக்கிறதா என்பதோடு நிற்காமல், எங்கே, யார் முன்னிலையில், எப்போது கிடைத்தது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

போன்டியாக் ஜி.டி.ஓ.வின் நிலை கொஞ்சம் மேல். 1964, 1965 ஆண்டுகளில் ஜி.டி.ஓ.வும் ஒரு கூடுதல் பொதிதான், வண்டி எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. 1966-ல்தான் தனி வரிசை கிடைத்தது. ஆனால் போன்டியாக்கின் அந்தக் காலத்து விற்பனைப் பதிவுகள் பிழைத்திருக்கின்றன. எண்ணைக் கொடுத்தால் அந்த வண்டி என்னென்ன பொதிகளோடு போனது என்று பார்த்துச் சொல்கிறார்கள். ஃபோர்டுக்கும் 1967 முதலான வண்டிகளுக்கு இப்படி ஒரு வசதி உண்டு. இந்த வசதி இருக்கும் வண்டிக்கு, சில பத்து டாலர் செலவில் கிடைக்கும் அந்த அறிக்கையை விற்பவர் இணைக்கவில்லை என்றால், நான் அதை மறதி என்று நினைக்க மாட்டேன்.

அதே சமயம் இந்த அறிக்கைகளின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். ஜாகுவார் பாரம்பரிய அறக்கட்டளை தரும் சான்றிதழை உதாரணமாகச் சொல்லலாம். அதில் சேஸிஸ் எண், எஞ்சின் எண், நிறம், அனுப்பிய தேதி எல்லாம் இருக்கும். ஆலையை விட்டு என்ன வண்டி போனது என்பதற்கு அது சாட்சி. இன்று உங்கள் முன்னால் நிற்பது அந்த வண்டிதானா என்பதற்கு அது சாட்சி ஆகாது. விளம்பரத்தில் “சான்றிதழ் உண்டு” என்று மட்டும் போட்டிருந்தால் இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத்தான் நாம் அளக்க வேண்டும்.

தயாரித்தவரே சொன்னாலும்

அப்படியென்றால் வண்டியை உருவாக்கியவரே வந்து சொன்னால்? அதற்கும் ஒரு கதை இருக்கிறது. கரோல் ஷெல்பியின் 427 கோப்ரா 1960-களின் நடுவில் வந்த வண்டி. 1990-களின் தொடக்கத்தில், அந்தக் காலத்தில் மிஞ்சிப்போன சேஸிஸ்கள் தன்னிடம் இருந்ததாகவும், அவற்றில் வண்டிகளைக் கட்டி முடிப்பதாகவும் ஷெல்பி சொன்னார். பழைய எண்களுக்கு உரிய ஆவணங்கள் தொலைந்துவிட்டதாக அறிவித்து, கலிஃபோர்னியா வாகனத் துறையிடம் மாற்று உரிமைப் பத்திரங்களும் வாங்கப்பட்டிருந்தன. 1993-ல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பத்திரிகை விசாரித்தபோது, அந்த சேஸிஸ்கள் சமீபத்தில் புதிதாகச் செய்யப்பட்டவை என்று தெரிய வந்தது.

பெயர் நிஜம், ஆள் நிஜம், அரசாங்கப் பத்திரமும் நிஜம். ஆனால் எல்லாமே கோப்ராவின் விலை உச்சிக்குப் போன பிறகு உருவானவை. ஒரு கூற்றை எடை போடும்போது சொன்னவர் யார் என்பதை மட்டும் பார்த்தால் போதாது, எப்போது சொன்னார் என்பதையும் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒரு நல்ல சாட்சி

நேர் எதிரான உதாரணமும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1968-ல் வந்த ‘புல்லிட்’ படத்தில் ஸ்டீவ் மெக்குவீன் ஓட்டிய மஸ்டாங். 1974-ல் பத்திரிகை விளம்பரம் பார்த்து ஒரு குடும்பம் அதை வாங்கியது. 1977-ல் மெக்குவீனே அந்த வண்டியைத் திருப்பித் தரும்படி கடிதம் எழுதிக் கேட்டார். அவர்கள் கொடுக்கவில்லை. 2020 ஜனவரியில் அந்த வண்டி ஏலத்தில் 37.4 லட்சம் டாலருக்குப் போனது.

அந்தக் கடிதத்தைப் பாருங்கள். விற்பதற்காக எழுதப்பட்டதில்லை, விலையை ஏற்றுவதற்காகவும் இல்லை. வாங்க ஆசைப்பட்டவர், விற்க மறுத்தவருக்கு எழுதியது. அந்த வண்டி அவரிடம்தான் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. படப்பிடிப்புக்காக வண்டியில் போட்ட ஓட்டைகள், கேமரா மாட்டுவதற்காகப் பற்றவைத்த தடயங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. ‘தொழிற்சாலையிலிருந்து வந்தது போல’ ஆக்க வேண்டும் என்று யாராவது கிளம்பியிருந்தால் முதலில் அடைத்திருக்கக்கூடியவை அந்த ஓட்டைகள்தான். ஒரிஜினல் ஆக்குகிறேன் என்ற பெயரில் அந்த வண்டியின் அடையாளத்தையே அழித்திருப்பார்கள்.

அழித்தால் என்ன ஆகும் என்பதற்கு கன்சாஸ் மாநிலத்தில் நடந்தது ஒரு எச்சரிக்கை. 2017-ல் ஒரு 1959 கார்வெட்டை போலீஸ் பறிமுதல் செய்தது. முன்பு எப்போதோ நடந்த மறுசீரமைப்பில் எண் தகட்டைக் கழற்றி மறுபடி மாட்டியிருந்தார்கள். வாங்கியவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனால் எண்ணில் கைவைத்த வண்டியை அழிக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். பல ஆண்டு இழுபறிக்குப் பின் 2022-ல் அந்தச் சட்டத்தைத்தான் திருத்த வேண்டியிருந்தது. மறுசீரமைப்புக்காக எண் தகட்டைக் கழற்றியதன் பலன் இது.

நம்ம ஊர்ச் சட்டத்தில் ‘அசல் வடிவம்’

இதெல்லாம் வெளிநாட்டுப் பணக்காரர்கள் விவகாரம் என்று தோன்றலாம். ஆனால் இந்தியாவில் 2021 ஜூலையில் வந்த விதியைப் பாருங்கள். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று தனியாகப் பதியலாம், எண்ணில் ‘வி.ஏ.’ என்று வரும், புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். நிபந்தனை என்னவென்றால், வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் எதுவும் இருக்கக் கூடாது. அதே ‘ஒரிஜினல்’ இங்கே சட்டச் சொல்லாகவே வந்துவிட்டது.

ஆனால் எதோடு ஒப்பிட்டு அசல்? சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டை நினைத்துப் பாருங்கள். இங்கே நாலு கதவு ஹெரால்ட் வந்தது, இங்கிலாந்தில் அப்படி ஒன்று வந்ததே இல்லை. இங்கிலீஷ் கையேட்டை வைத்துக்கொண்டு சோதித்தால் முழுக்க அசலான சென்னை வண்டி போலி ஆகிவிடும். இன்னொரு பக்கம், பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் பெரிய அமெரிக்க வண்டிகளில் டீசல் எஞ்சினை ஏற்றி ஓட்டியதும் நம்ம ஊர் வரலாறுதான். இப்போது அவற்றில் பெட்ரோல் எஞ்சினைத் தேடிப் பொருத்தி ‘அசல்’ என்று விற்றால், அந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும்.

நம்மிடம் இதற்குக் கைகொடுப்பது பழைய ஆர்.சி. புத்தகம். எஞ்சின் எண், சேஸிஸ் எண், கைமாறியவர்களின் வரிசை, இடையில் எஞ்சின் மாற்றி முறையாகப் பதிந்திருந்தால் அந்தக் குறிப்பு எல்லாம் அதில் இருக்கும். மை ஊறி, ஓரம் கிழிந்து, ஆர்.டி.ஓ. முத்திரை மேல் முத்திரை விழுந்த அந்தப் புத்தகம், வண்டி வெறும் பழைய வண்டியாக மட்டும் இருந்த காலத்தில் எழுதப்பட்டது. அது தொலைந்துபோய் ‘டூப்ளிகேட்’ மட்டும் இருக்கும் வண்டிக்கு வேறு சாட்சி கேட்பதில் தப்பே இல்லை.

விலை யாருக்குப் போகிறது

நான் விளம்பரங்களைப் படிக்கும் முறை இப்போது எளிமையாகிவிட்டது. ‘ஒரிஜினல்’ என்ற ஒவ்வொரு இடத்திலும் எது, எந்த ஆண்டு நிலையில் என்று ஓரத்தில் எழுதிக்கொள்வேன். ‘என நம்பப்படுகிறது’, ‘என்று சொல்கிறார்கள்’ என்று வந்தால், நம்புவது யார் என்று கேட்பேன். சான்றுகளை இரண்டு குவியலாகப் பிரிப்பேன். விலை ஏறுவதற்கு முன்னால் உருவானவை ஒரு பக்கம், பின்னால் உருவானவை ஒரு பக்கம். பழைய குடும்ப போட்டோ, காப்பீட்டு ரசீது, ஒர்க்‌ஷாப் பில், சலான் எல்லாம் முதல் குவியல். நிபுணர் கடிதம், பளபளப்பான கோப்பு, விற்பவர் எழுதிய வரலாறு எல்லாம் இரண்டாவது குவியல். முதல் குவியல் காலியாக இருந்தால், இரண்டாவது எவ்வளவு உயரமாக இருந்தாலும் எனக்குச் சந்தேகம்தான்.

இதில் என்னை உண்மையாகவே உறுத்துவது ஏமாறும் பணக்காரர் இல்லை. “1974-ல் எஞ்சின் உடைந்தது, மாற்றினோம், பில் இருக்கிறது” என்று எழுதும் விற்பனையாளரைப் பற்றித்தான் யோசிக்கிறேன். அவர் வண்டிக்குச் சந்தை குறைந்த விலையைத்தான் கொடுக்கிறது. பக்கத்திலேயே, இழைத்த இரும்பில் புது எண்ணைக் குத்திவிட்டு எதையும் சொல்லாமல் இருப்பவருக்கு முழு விலை கிடைக்கிறது. இப்படி இருக்கும்வரை அச்சுக்கு வேலை இருந்துகொண்டேதான் இருக்கும். அந்த 1974 பில்லுக்கு வாங்குபவர்கள் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கத் தொடங்கினால், இத்தனை நிபுணர்கள் செய்ய முடியாத வேலையை அது செய்துவிடும் என்று நினைக்கிறேன்.